கடைமதகுச் செய்தி

உத்திரமேரூரை அடுத்த தன் ஊரில் புதிதாகக் கட்டப்பட்ட படிப்பகத்திற்குச் சிட்டம்மாள் பெயரைச் சூட்டவேண்டும் என்பது செவ்வந்தியின் விருப்பம். அப்படிப்பகத்தைத் திறந்து மூடும் பொறுப்பு அவளுடையது. வெள்ளையர் காலத்தில், பத்தொன்பதாம் வயதில் கணவனை இழந்த சிட்டம்மாள், மூலையில் உட்காராமல் வாரப் பத்திரிகை நடத்தினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு போதாது, அத்தாட்சி வேண்டும் என்றது ஊராட்சி. இல்லையேல், இடம் கொடுத்த குடும்பத்தின் மூதாதையாகிய தாண்டவராயன் பெயர் வைக்கப்படும். சுதந்திர தினக் கிராம சபையில் முடிவு.

அத்தாட்சி முருகன் முதுகில் இருந்தது. சாமி படங்களுக்குக் கண்ணாடி போடுகிறவர்கள், பின்புறம் பழைய தாளை வைத்து அட்டை அடிப்பது வழக்கம். செவ்வந்தி வீட்டு முருகன் படத்தின் சட்டத்தைச் செல் அரித்துவிட, அவள் அட்டையைப் பிரித்தாள். ‘பாலாற்றுத் தூதிகை, 1913, பத்திராதிபர் சிட்டம்மாள்’ என்றது உள்ளிருந்த தாள். ‘பெண்பிள்ளையிடம் வேலை செய்ய மனமின்றி அச்சுக்கோப்பவர் நின்றுவிட்டபடியால், இவ்வாரம் எழுத்துகளை யாமே கோத்தோம்’ என்று ஓர் அறிவிப்பும் அதில் இருந்தது. முருகனுக்கு அன்று ஒரு கற்பூரம் கூடுதலாகக் கிடைத்தது.

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தருகே அன்று திறந்திருந்த ஒரே ஜெராக்ஸ் கடை தினகரனுடையது. அவன் தாண்டவராயனின் கொள்ளுப்பேரன். தாளை இயந்திரத்தில் வைக்குமுன் படித்தான்.

“இன்னா யக்கா, எங்க கொள்ளுத்தாத்தா பேரு கீது இதுல?”

“படிச்சிட்டியா?”

“ஐயனார் கோயிலுக்குத் தெக்கால இருபதடியில இருந்த ஏரிக் கடமதக, கடக்கோடிக்குத் தண்ணி போவாம மண்ணு போட்டு மூடிட்டாருன்னு போட்டுக்கீது.”

“அந்தம்மா நேர்ல போயி பாத்துட்டு எழுதிக்கீது.”

தினகரன் இயந்திரத்தை அணைத்தான். “பேரு நீ சொல்றதையே வெச்சிக்கலாம். நானே மொதல்ல கை தூக்கறன். மேல கீற பேர மட்டும் சபையில காட்டு. கீழ கீறத படிக்காத.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆயினும், வாயை மூடிக்கொண்டால் கிடைக்கும் பெயர், வாயை மூடாத ஒருவரின் பெயர் என்பது செவ்வந்திக்கு உறுத்தியது.

கிராம சபையில் எழுந்து, மேலே இருந்ததையும் கீழே இருந்ததையும், ஒரு முற்றுப்புள்ளியையும் தாண்டாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். தினகரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏரிப் பாசனத்தின் கடைக்கோடியில் அரை ஏக்கர் வைத்திருந்து, மழை பெய்தாலன்றித் தண்ணீரைக் காணாத சின்னபொண்ணு எழுந்தாள்.

“யம்மா செவ்வந்தி, இன்னொருக்கா சொல்லு. எத்தினி அடி?”

“இருபது.”

“யாரு அடி? அந்தம்மா அடியா, ஒன் அடியா?”

“தெர்ல. ரெண்டுத்தையும் வெட்டிப் பாரு.”

“அப்போ மம்முட்டி எட்டாறன்.”

அவளுடன் கடைக்கோடி நிலத்துக்காரர்கள் எழுந்தனர். வேடிக்கை பார்க்கவும் பலர் எழுந்தனர். ஊராட்சிச் செயலர் மிஞ்சிய தலைகளை எண்ணிப் பார்த்து, போதிய உறுப்பினர் இன்மையால் பெயர் சூட்டும் பொருள் காந்தி ஜெயந்திக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதினார்.

“வந்த பேர வாணான்னுட்டியே யக்கா,” என்றான் தினகரன்.

“அக்டோபர் ரெண்டு கீதில்ல, தம்பி.”

“அன்னிக்கி நான் கை தூக்க மாட்டன்.”

“செரி.”

நண்பகலில், கோயிலிலிருந்து பதினெட்டாம் அடியில், மண்வெட்டி மதகுக் கல்லில் மோதியது. செய்தி வெளியாகி நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

செவ்வந்தி படிப்பகத்தைத் திறந்து உட்கார்ந்தாள். வாசலில் பலகை வெறுமையாக இருந்தது. முழங்கால்வரை மண்ணாய்ச் சின்னபொண்ணு அதன் கீழ் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

“அந்தப் பேப்பர எடு,” என்றாள். “பின்பக்கம் இன்னா போட்டுக்கீது, படி.”

செவ்வந்தி தாளைத் திருப்பினாள்.