லயனல் ரோஸுக்கு ஒரு கை

"என்ர கையையும் எண்ணுங்கோ, அத்தான்."

பாமா கேட்டேவிட்டாள். கேட்கவே கூடாது என்று அக்கா யோகராணி காலையிலிருந்து மூன்று தரம் சொல்லியிருந்தாள். "அவையள் பொக்சிங் கதைக்கேக்க நீ வாயைத் திறக்கப்படாது. சிவபாலன் போகமுதல் கலியாணத்துக்கு ஓமெண்டு சொல்லு, காணும். உலகத்தில ஆர் பெரிய வீரன் எண்டு நீ சொல்லத் தேவையில்லை."

மணிலாவில் அலியும் பிரேசரும் பதினாலு ரவுண்ட் ஒருவரையொருவர் துவைத்தெடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் சூட்டில், அக்காவும் அத்தானும் குடியேறியிருந்த கிளென் வேவர்லி வீட்டு ஹோலில் ஞாயிற்றுக்கிழமைச் சபை கூடியிருந்தது. உலகின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரன் யார் என்று வாய் நோக விவாதிப்பார்கள். கடைசியில் கை தூக்குவார்கள். வென்றவன் பெயரை அத்தான் வரதராஜா கலண்டரில் எழுதுவார். அடுத்த மாதம் மறுபடியும் முதலிலிருந்து.

அத்தான் அலியின் பக்தர். இருந்த இடத்திலிருந்தே அலி குத்துகிற மாதிரிக் குத்திக் காட்டி, தன் கட்லட் கோப்பையைத்தான் விழுத்தினார். எதிரே தேவராஜா, ரொக்கி மார்சியானோவின் ஆள். "நாப்பத்தொன்பது சண்டை. ஒண்டில தோத்தவனோ? உம்மட அலி வாயாலயெல்லோ அடிக்கிறான்." மூன்றாவது கதிரையில் மாப்பிள்ளை சிவபாலன். தேவராஜாவின் கந்தோரில் அவருக்குக் கீழே எஞ்சினியர். அதுவரை இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மூவரும் சேர்ந்து வாழ்நாளில் அடித்தது நுளம்பு மட்டும்தான். அந்த வீட்டில் ஒரு மனிதனை அடித்த அனுபவம் பாமாவுக்குத்தான் இருந்தது. யாழ்ப்பாண பஸ்ஸில் இடுப்பைக் கிள்ளியவன் மூக்கைப் பொத்திக்கொண்டு சுன்னாகத்தில் இறங்கினான்.

குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் அவள்தான். பேராதனையில் வாங்கிய அந்தப் பட்டம் கலியாணப் பேச்சு வரும்போது மட்டும் வீட்டாருக்கு ஞாபகம் வந்தது.

"லயனல் ரோஸ்" என்றாள், தூக்கிய கையை இறக்காமல்.

அத்தான் சிரித்தார். "அந்தச் சின்னப் பெடியனோ? நிறை காணாது, பிள்ளை."

"நிறை பாத்துத்தான் ஆளைப் பெரிசெண்டுறது எண்டால், தேவராஜா அங்கிளெல்லோ உலக சாம்பியன்."

குசினி வாசலில் அக்கா தலையில் கை வைத்தாள். தேவராஜா சிரிக்கவில்லை, வயிறு மட்டும் ஒருமுறை அசைந்தது.

"பிள்ளைக்கு லயனல் ரோஸைப் பற்றி ஆர் சொல்லித் தந்தது?"

பாமா சிவபாலனைப் பார்த்தாள்.

இரண்டு கிழமைக்கு முன்பு, பின்வளவில் உடுப்புக் காயும் கம்பிக்குக் கீழே நின்று அவன்தான் சொன்னான். "நான் அப்ப ஸ்ருடன்ற். ரோக்கியோவில உலகப் பட்டம் வெண்டுபோட்டு லயனல் ரோஸ் திரும்பி வந்த அண்டைக்கு, இஞ்ச ரவுன் ஹோல் வாசலில சனமெண்டா அப்பிடிச் சனம். பத்தொன்பது வயசு ஆதிவாசிப் பெடியன். முந்தின வருசம் வரைக்கும் அவன்ர ஆக்களைக் குடிசனக் கணக்கில சேர்க்காத நாடு இது. அவனைப் பாக்கக் கூடி நிக்குது. நான் அழுதிட்டன், பாமா. அவன்தான் பெரிய ஆள். அலியுமில்லை, கிலியுமில்லை."

வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் அவளுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். இவன் ஒருத்தன்தான் தான் அழுத கதையைச் சொன்னான். அந்த ஒரு கதைக்காகவே இன்றைக்கு ஓமென்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

"இவர்தான் சொன்னவர், அங்கிள். இவற்ற கையும் லயனல் ரோஸுக்குத்தான். கேளுங்கோ."

தேவராஜா கதிரையோடு திரும்பினார். "அப்பிடியோ, சிவபாலன்?"

சிவபாலன் கையிலிருந்த, பாதி தின்ற ரோல்ஸைப் புதிதாகக் கண்டவன்போலப் பார்த்தான்.

"நானோ, சேர்? சும்மா… அந்தப் பக்கம் ஒருக்காப் போனனான் எண்டு சொன்னனான். இவ அதைப் பெரிசா எடுத்திட்டா. மார்சியானோதான், அதில என்ன கதை?"

கையைத் தூக்கினான். கடித்த ரோல்ஸும் கூடவே மேலே போனது.

"ரெண்டுக்கு ஒண்டு" என்றார் அத்தான் சலிப்போடு. கலண்டரில் மார்சியானோ ஏறினார்.

"அப்ப என்ர கை?"

"பாமா, தேத்தண்ணியைக் கொண்டு வாரும்."

பாமா அப்போதுதான் கையை இறக்கினாள். அவன் மார்சியானோவுக்கே கை தூக்கட்டும், மனிசன் மனம் மாறலாம். ஆனால் நடுத்தெருவில் நின்று எவனுக்காக அழுதானோ, அவனையே மேலதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் தெரியாது என்கிறானே. நாளைக்கு இதே தேவராஜா, "என்ன ஐசே, உம்மட மனிசிக்கு வாய் நீளம்" என்றால், "நானோ, சேர்? சும்மா ஒருக்காக் கட்டினனான்" என்பான்.

குசினிக்குப் போனாள். தேத்தண்ணித் தட்டை எடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டை எடுத்தாள்.

"விசரோ உனக்கு? எங்க போறாய்?" அக்கா குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள். "அந்தாள் பதிலுக்கெல்லோ இருக்குது. நான் என்னெண்டு சொல்ல?"

"தேவராஜா அங்கிளைக் கொண்டு சொல்லுவி. அவர் சொன்னா, பொம்பிளை பாக்கவே வரேல்லை எண்டும் இவர் கை தூக்குவார்."

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு நான் எழுதுறன்."

ஹோலைக் குறுக்கே கடந்துதான் வாசலுக்குப் போகவேண்டியிருந்தது. மூன்று பேரும் அதற்குள் இரண்டாவது இடம் யாருக்கு என்று தொடங்கியிருந்தார்கள். சிவபாலன் நிமிர்ந்து பார்த்து எழும்ப யோசித்தான். தேவராஜா பேசிக்கொண்டிருந்ததால் எழும்பவில்லை. பாமா கோட்டின் பொத்தான்களைப் போட்டபடி அவர்களுக்கு நடுவால் நடந்து, கம்பிவலைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.