காலிப்பருக்குச் சிவப்பு

கேரளத்தின் பாலா ஊர்ச் சந்தையில் பழக்கடைக்குள் காரை ஏற்றியது நான். பழியைப் பிரேக் மேல் போட்டதும் நான். பதினொரு நேந்திர வாழைக்குலைகள் நசுங்கின. அவற்றை வறுத்தும் அவித்தும் ஒரு வாரம் தின்றோம். அன்று பக்கத்து இருக்கையில் இருந்த என் மனைவி ஷைனி அதற்குப் பிறகு என் காரில் ஏறவே இல்லை. இரண்டு மாதமாக பஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை முண்டக்கயத்தில் அவள் தங்கையின் புது வீட்டுப் பால்காய்ச்சு. "கார்ல வர்றியா?" என்று கேட்டால், "மழை வருமா பாருங்க இச்சாயா" என்பாள்; எங்கள் பக்கத்தில் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மறுபடி கேட்டால் மீன் கழுவப் போய்விடுவாள். நான் காரிலும் அவள் பஸ்ஸிலும் தனித்தனியே போய் இறங்கினால், பாலுக்கு முன்னால் சொந்தக்காரர்கள் பொங்கிவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை முன்சக்கரங்களைக் கழற்றினேன். உள்ளே, பிரேக்கை மிதித்தால் வட்டத்தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தட்டுக்குப் பழைய பேப்பர் சுற்றி, சூடு தாங்கும் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். அவள் கண்ணுக்காவது அது புதுப் பிரேக்காகத் தெரியட்டும்.

மதிலுக்கு மேலே ஒரு தலை முளைத்தது. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வக்கச்சன்.

"என்னடா பென்னி, பிரேக்குக்கு லிப்ஸ்டிக்கா?"

"அது சரியாப் பிடிக்கலைன்னு..."

"அன்னிக்கே கழட்டிப் பார்த்துச் சொன்னேனே, பிரேக்குக்கு ஒரு கேடும் இல்லைன்னு. மிதிக்கிற காலுக்குத்தான் கேடு. அதுக்கும் ஒரு கோட்டு அடிச்சுக்கோ!"

ஷைனி பக்கத்திலேயே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வக்கச்சன் போன பிறகும் அடுத்த துணியைத்தான் உதறினாள். இரண்டாவது கோட்டு பாதி என் கட்டைவிரலுக்குப் போனது.

"ஷைனீ, அன்னிக்கு பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் மிதிக்கலை. ஜவுளிக்கடைக் கண்ணாடியில நம்ம கார் போறது தெரிஞ்சுது. கழுவின கார்... அதையே பார்த்துட்டிருந்தேன்."

"காரை மட்டுமா?"

"மீசையையும்."

ஈரத்துணியில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பக்கத்துல இருந்தவளுக்குத் தெரியாதா? வாயில்லாத பிரேக்கை ரெண்டு மாசமாத் திட்டுறீங்க. நாளைக்கு வேற ஏதாவது ஆச்சுன்னா என்மேலயும் இப்படித்தான் பழியைப் போடுவீங்கன்னு நெனச்சேன்."

"போட மாட்டேன். சத்தியமா." பெயின்ட் விரலைச் சட்டையில் துடைத்தது கூடத் தெரியவில்லை. "நாளைக்கு வர்றியா?"

மழையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"வரேன்," என்றாள். "முன்சீட்டுல."