பிரேக் தோலில் எண்ணெய் படக்கூடாது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு நான் அவ்வப்போது கதை அனுப்புவேன். பத்தில் ஒன்பதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன மாதம் ஆசிரியர் தாமாகவே ஒரு கடிதம் போட்டிருந்தார். நான் மோட்டார் கார் வைத்திருக்கும் விவசாயி என்று யாரோ சொன்னார்களாம். யுத்தத்தால் உதிரிச் சாமான் எதுவும் கிடைக்காத இந்த 1943-ஆம் வருஷத்தில், கார்க்காரர்கள் தாங்களே பிரேக்கைப் பராமரிப்பது எப்படி என்று இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை வேண்டுமாம். கதையைத் திருப்பி அனுப்புகிறவர் கட்டுரை கேட்டால் விடுவேனா?

இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் உட்கார்ந்தேன். முதல் யோசனை நன்றாக வந்தது: தினமும் வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை மிதித்து, எத்தனை அங்குலம் இறங்கிய பிறகு பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவதும் வந்தது: ஒரு சக்கரம் மட்டும் முந்திப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், இரண்டு பக்கத்துத் திருகுகளையும் சமமாக முடுக்க வேண்டும். மூன்றாவதாக, 'பிரேக் தோலில் எக்காரணம் கொண்டும் எண்ணெய் படக்கூடாது' என்று எழுதினேன். கை நின்றுவிட்டது.

உண்மையில் இன்று நான் எழுத வேண்டியது கட்டுரையே அல்ல. என் டிரைவர் கந்தப்பனின் வாக்குமூலம். நாளை காலை பத்து மணிக்கு அவன் அதை நாமக்கல் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். புதன்கிழமை நடந்த விபத்துக்கு அவன் அஜாக்கிரதைதான் காரணம் என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும், ஜெயிலும் உண்டு. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை எழுதப் பயந்து கட்டுரையை எடுத்தேன். இப்போது கட்டுரைக்குப் பயந்து கதையை எடுக்கிறேன்.

2

'சந்தை நாளான புதன்கிழமை காலை, கதிரவன் தன் பொற்கரங்களை' (அடித்துவிட்டேன். கதிரவனுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?)

'விதி ஒரு மனிதனை' (வேண்டாம். விதி எங்கள் கார்க் கொட்டகைப் பக்கம் வரவே இல்லை.)

'கந்தப்பன் நல்ல டிரைவர்.' (இது இருக்கட்டும்.)

கந்தப்பன் நல்ல டிரைவர். கார் 1926-இல் செய்தது. சேலத்து வக்கீல் ஒருவர் ஓட்டி அலுத்து என் தலையில் கட்டியது. அதன் பின்சக்கரத்து டிரம்மை வெளியிலிருந்து ஓர் இரும்புப் பட்டை சுற்றியிருக்கும். மிதித்தால் பட்டை இறுகி டிரம்மைப் பிடிக்கும். பட்டையின் உட்புறம் இருந்த லைனிங் தேய்ந்து, ரிவெட்டுத் தலைகள் டிரம்மைச் சுரண்ட ஆரம்பித்தன. கந்தப்பன் சேலம் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கினான். யுத்தம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக்கென்று வாங்கிய புதுத் தோல் ஒன்று கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. கந்தப்பன் அதை மடக்கிப் பார்த்தான்.

"இது தாங்குமுங்க சாமி. மூணு மாசத்துக்கு நான் பொறுப்பு."

அளந்து வெட்டினான். செப்பு ரிவெட்டு அடித்து, தலைகள் தோலுக்குள் பதிந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக விரலால் தடவினான். "சூடேறுனா மசுரு பொசுங்கறாப்ல வாசம் வருமுங்க. அப்ப வண்டிய நிறுத்தி ஆற வெச்சுக்கோணும். மழையில நனைஞ்சா லேசா மிதிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் போயிக் காய வெச்சுக்கோணும். வேற ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க" என்றான். (இதை அப்படியே கட்டுரையில் போட்டிருக்கலாம். மயிர் பொசுங்குவதை மட்டும் ஆசிரியர் அடித்துவிடுவார்.)

வண்டி நன்றாகவே நின்றது. ஆனால் நிற்கும்போதெல்லாம் அலறியது. ரோட்டில் போகிற மாடுகள் மிரண்டன. புதுச்சத்திரத்தில் டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவன், "கவுண்டரு வண்டி பன்னியப் புடிச்சுக் கட்டுனாப்ல கத்துது பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கந்தப்பனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

3

புதன்கிழமை நாமக்கல்லில் என் தங்கையின் சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டோம். கந்தப்பன் வழக்கம்போல மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தான். நிற்கிற வண்டியில் மிதித்தால் எண்ணெய் குடித்த தோலும் கெட்டியாகத்தான் தெரியும். தோட்டத்திலிருந்து ரோடு வரை எங்கும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. சந்தைக்குச் சற்று முன்னால் ரோடு சரியும் இடத்தில் மிதித்தான். வண்டி அலறவில்லை. நிற்கவும் இல்லை. கைப்பிரேக்கும் அதே பட்டையைத்தான் இழுக்கும், அதுவும் வழுக்கியது. எதிரே சந்தைக் கூட்டம். கந்தப்பன் இடதுபக்கம் இருந்த மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான். அவன் மட்டும் அப்படித் திருப்பவில்லை என்றால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. மேட்டடியில் சட்டி பானை விற்றுக்கொண்டிருந்த சாலம்மாளை அவன் கடைசி நிமிஷத்தில்தான் பார்த்திருக்கிறான்.

அவளுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளைத் தூக்கி மாட்டுவண்டியில் ஏற்றிய பிறகுதான் கந்தப்பன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். தோல் மினுமினுத்தது. இடுப்புத் துணியால் துடைத்தான். போலீஸ்காரர் கேட்பதற்கு முன்பே, "என்ற தப்புத்தானுங்க. போன வாரம் அச்சுக்குக் கிரீஸ் வெச்சேன். வாசரு கசிஞ்சிருக்கோணும்" என்றான்.

அது கிரீஸ் அல்ல. விளக்கெண்ணெய்.

ஆகவே கதைக்கு இப்போது ஒரு கை வேண்டும். எண்ணெயை ஊற்றிய கை.

4

எங்கள் பக்கத்தில் கவலைத் தோலைக் காய விட்டால் வெடித்துவிடும். எண்ணெய் தடவி ஊற வைத்தால்தான் உழைக்கும். தோல் சத்தம் போட்டால், அது எண்ணெய் கேட்கிறது என்றுதான் எங்கள் கைக்குத் தோன்றும். மோட்டாரை மட்டும் தெரிந்தவன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். கிணற்றைத் தெரிந்தவன்தான் செய்வான். இப்படி யோசித்து, எங்கள் பண்ணையில் வேலை செய்யும் ஆத்தாயியைக் கதைக்குள் கூட்டி வந்தேன்:

'ஆத்தாயி கொட்டகைக்குள் நுழைந்தாள். தோலைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? கவலைத் தோலுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் தடவுகிறவள். கார்ச் சக்கரத்தில் காய்ந்த தோலைக் கண்டதும், பாவம், அதற்கும் கொஞ்சம்'

மோர் கொண்டுவந்த என் மனைவி வசந்தாமணி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஆத்தாயி எப்பக் கொட்டகைக்குள்ள போனா?"

"இது கதை புள்ள."

"செவ்வாக்கெழம அவ ஊர்லயே இல்லீங்களே. மகளப் பாக்க ஜேடர்பாளையம் போயிருந்தா."

"கதையில கெழமையே போடல."

"அவளுக்குப் படிக்கத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"அதான் அவ பேரப் போட்டீங்களாக்கும்."

மோரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மோரில் உப்பில்லை.*

*எங்கள் வீட்டில் உப்பில்லாத மோர் வந்தால், அதற்கு மேல் பேச்சு இல்லை என்று பொருள். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் இது மூன்றாவது தடவை.

5

ஆத்தாயியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் கார்ச் சொந்தக்காரரை எழுதுகிறேன்.

இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. நாற்பது வயது. பெயர் மயில்சாமி. நாலு எழுத்துப் படித்தவர். ஊரில் யாருக்கு மனு வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பார், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கந்தப்பன் சாப்பிடப் போயிருந்தபோது இவர் எண்ணெய்ச் சட்டியோடு கொட்டகைக்குப் போகிறார். ஏன்? தோல் வெடித்துவிடுமே என்ற அக்கறையால் என்று எழுதினேன். அக்கறையும் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அவரை எழுப்பி நடக்க வைத்தது அந்த டீக்கடைச் சிரிப்புதான். சம்பந்தி வீட்டு வாசலில் வண்டி பன்றிபோலக் கத்தி நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கந்தப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒன்றும் பண்ண வேண்டாம் என்று சொன்னவனிடம் போய் இரண்டாம் தடவை கேட்பதா என்று இருந்துவிட்டார்.

'அவர்' என்று எழுதுவது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது! நான்தான். மயில்சாமி நான்தான். எண்ணெயை ஊற்றியது நான். இரண்டு சக்கரத்திலும், சொட்டச் சொட்ட. எழுதிவிட்டேன். எழுதினால் மனது லேசாகும் என்பார்கள், ஆகவில்லை. எழுந்துபோய்ச் செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

6

முடிவுகள்.

ஒன்று: புதன்கிழமை நல்ல மழை. நனைந்த தோல் வழுக்கிவிட்டது. யார்மேலும் குற்றமில்லை. (சந்தைக்கு வந்த முந்நூறு பேர் தலையிலும் அன்று புழுதி படிந்திருந்தது. செல்லாது.)

இரண்டு: கோர்ட்டில் மயில்சாமி எழுந்து நிற்கிறார். கணீரென்ற குரலில் உண்மையைச் சொல்கிறார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார். கந்தப்பன் கண்ணீரோடு அவர் காலில் (நிறுத்துகிறேன். அவன் எதற்கு என் காலில் விழ வேண்டும்? இந்த முடிவில் நான் ரொம்ப அழகாக இருக்கிறேன். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

மூன்று: சாலம்மாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எல்லோரையும் மன்னித்துவிடுகிறாள். (அவளை நான் இன்னும் போய்ப் பார்க்கவே இல்லை. அவள் வாயில் வார்த்தை போட எனக்கு என்ன உரிமை?)

நான்கு: கந்தப்பன் ஆறு மாதம் உள்ளே இருக்கிறான். அவன் குடும்பத்துக்கு மயில்சாமி வீட்டிலிருந்து கம்பும் சோளமும் போகின்றன. டிரைவர் செய்த தப்புக்குக் கவுண்டர் எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறார் என்று ஊர் பேசிக்கொள்கிறது.

இந்த நான்காவதை எழுதும்போது கை எங்கும் நிற்கவில்லை. ஓர் அடித்தல்கூட விழவில்லை. நான் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் நடக்கப்போவது அதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது.

7

நாலு மணிக்குக் கந்தப்பன் வந்தான். குளித்துவிட்டு, வெளுத்த வேட்டி கட்டியிருந்தான்.

"எழுதியாச்சுங்களா சாமி?"

"இல்ல கந்தப்பா. எழுதிக்கிட்டே இருக்கறேன்."

"அவசரமில்லீங்க." போகத் திரும்பியவன் நின்றான். "ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லு."

"அன்னிக்குச் சக்கரத்தத் தொடச்ச துணியத் தொவைக்காம வெச்சிருக்கறனுங்க. நாலு நாளா மோந்து மோந்து பாக்கறேன். கிரீஸ் வாசமில்லீங்க."

நான் பேனாவை மையில் தோய்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மேஜையில் இருந்த வெள்ளைத் தாளை இழுத்து, மைப்புட்டியின் மூடியில் கட்டைவிரலைத் தேய்த்து, தாளின் அடியில் அழுத்தினான்.

"என்னப்பா இது? எழுதி, படிச்சுக் காட்டுன பொறவுதானே வெக்கோணும்."

"இருக்கட்டுமுங்க சாமி. நீங்க என்ன எழுதறீங்களோ அதுதானுங்க நாஞ் சொன்னது."

அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் விரலை வைத்திருக்கிறான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியைப் போலீஸிடம் கொண்டுபோயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். எழுதத் தெரியாதவனுக்கு எழுதினால், சாட்சியின் முன்னால் அவனுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு நான் படித்துக் காட்டியிருக்கிறேன். சாட்சியாக வசந்தாமணி கதவோரம் வந்து நிற்கிறாள். கைநாட்டுக்கு மேலே பதினேழு வரிக்கு இடம் இருக்கிறது.

இந்த இடத்தில் கதையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் காலையிலிருந்து நினைத்திருந்தேன். எந்த முடிவு பிடித்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தாராளமாக எழுதுங்கள். ஆனால் நீங்கள் எதை எழுதினாலும், இந்த இரண்டு பேர் முன்னால் அதை வாய்விட்டுப் படிக்கப்போவது நீங்கள் அல்ல.

பேனா நகர்வதைப் பார்த்துக் கந்தப்பன் வாக்குமூலம்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"முடிஞ்சுதுங்களா?" என்கிறான். "படிங்க சாமி."