ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது யார்?

காப்பீட்டு அலுவலகத்தில் வாகன விபத்து விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஊழியர்கள் ஓய்வு நாளிலும் வேலை செய்கிறார்களா என்று கவனிக்க, அலுவலகம் ஒரு செயலியைக் கொண்டுவந்திருந்தது. திங்கட்கிழமை அதன் முதல் அறிக்கை வந்தது.

ஞாயிறு: இரண்டு மணி நாற்பது நிமிட வேலை.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஞாயிறு முழுக்க மகளின் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தவர் அவர். போனைத் தொடவேயில்லை.

செய்திப் பெட்டியைத் திறந்தார். மேலாளருக்கு அவர் பெயரில் பதினேழு பதில்கள். "பார்த்துட்டு சொல்றேன்." "படம் தெளிவா இல்ல, மறுபடி அனுப்புங்க." அச்சு அசல் அவர் எழுதுவதுபோலவே இருந்தன. முந்தைய மூன்று ஞாயிறுகளிலும் இதே கதை.

அவர் பார்வை அடுத்த இருக்கைக்காரர்மேல் விழுந்தது. கடவுச்சொல் தட்டும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிற ஆள்.

"நேத்து என் கணக்கைத் திறந்தீங்களா?"

"என் வேலையைச் செய்யவே ஆள் தேடிட்டிருக்கேன் சார். உங்களுதை வேற இழுத்துப் போட்டுக்குவேனா?"

சொல்லிவிட்டு அந்த ஆள் சிரித்த சிரிப்பு சந்தேகத்தை இன்னும் கிளறியது. கணினிப் பிரிவுக்குப் போய், எந்தக் கருவியிலிருந்து பதில்கள் போயின என்று பார்க்கச் சொன்னார்.

"உங்க வீட்டு டேப்லெட்தான் சார்."

மாலை வீடு திரும்பியதும் மனைவியிடம் நேரே கேட்டார். பல் மருத்துவமனை வரவேற்பறையில் வாரத்துக்கு ஆறு நாள் உட்காருபவள் அவள். மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான். ஞாயித்துக்கிழமை உங்க போன்ல சத்தம் வராம பண்ணிட்டு, நானே பதில் போட்டேன். நீங்க எழுதறதே நாலு வாக்கியம்தானே?"

"திருட்டுத்தனம் இல்லையா இது?"

"புள்ள கூப்பிட்டா 'ஒரு நிமிஷம்'னே சொல்லிட்டிருந்தீங்க. நாலு வாரமா சொல்லல."

கோபம் வாய்வரை வந்து நின்றது. "அப்போ உனக்கிருந்த ஒரு லீவு நாள்?"

அவள் உட்கார்ந்து துணி மடித்தாள்.

அவர் மேலாளருக்கு எழுதினார்: ஞாயிற்றுக்கிழமை இனிப் பதில் வராது.

உடனே மறுமொழி வந்தது: "நாலு வாரமா டக்குனு பதில் போட்டீங்களே, இப்ப என்ன ஆச்சு?"

'அது நான் இல்லை' என்று தட்டி, அழித்தார். "திங்கட்கிழமை பார்க்கிறேன்" என்று அனுப்பினார். அடுத்த வாரம் தன்னைப் பற்றி மேலாளர் என்ன எழுதி வைப்பாரோ என்ற சந்தேகத்துடனேயே, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.