மதியத் தூக்கத்தில் காணாமல் போன நாற்காலிகள்

வானொலியில் சொல்வதற்கு முன்பே டெல்ஃபினாவுக்குத் தெரிந்துவிட்டது. நெற்றிப்பொட்டில் விண்விண் என்று வலி. சன்னலைத் திறந்தால் மேற்கே மலைத்தொடரின் தலைமேல் சாம்பல் மேகம் சுவர் எழுப்பியது போல நின்றது. இலையுதிர்காலம் முற்றும் ஏப்ரல் கடைசியில், கம்பளிச் சட்டை தேட வேண்டிய காலையில், காய்ந்த வெதுவெதுப்பு. சொண்டா இறங்கப் போகிறது. மலையைத் தாண்டி வருகிற அந்தச் சூட்டுக் காற்று ஒருமுறை பள்ளத்தாக்கில் புகுந்துவிட்டால் மறுநாள் எந்த மரத்திலும் இலை இருக்காது.

மற்ற வருடமாக இருந்தால் கதவிடுக்கில் ஈரத் துணியைச் செருகிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பாள். இந்த வருடம் அப்படி விட முடியவில்லை. திராட்சை அறுவடை தொடங்கிய வாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவளை மெண்டோசா நகரத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே அவள் கட்டிலுக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுவர். அதையே பார்த்துக்கொண்டு கிடந்தவள் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் போகும் பாப்லர் மரப் பாதை மஞ்சளாகி நிற்கும்போது, கடைசி மரம் வரைக்கும் தன் காலால் நடந்து போய்விட வேண்டும். அந்த மரத்தடியில் பெரிய வாய்க்காலின் மதகு இருக்கிறது. அதன் திண்டில் உட்கார்ந்து, மெம்பிரிஜோ பழத்தைச் சர்க்கரையில் கிண்டி இறுக்கிய துண்டையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்துத் தின்றால்தான் அவளுக்கு இலையுதிர்காலம் வந்ததாகக் கணக்கு. கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான்.

அறுத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாதையும் மஞ்சளாகிவிட்டது. அவள் கால்தான் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. தாண்ட விடாதவன் அவள் புருஷன் எவரிஸ்தோ.

"இன்னிக்குப் போகலேன்னா இந்த வருஷம் கிடையாது, கிழவா," என்றாள், மதியம் பூசணி சூப்பை அவன் முன் வைத்தபடி.

"டாக்டர் என்ன சொன்னார்? நடக்கலாம், ஆனா கொஞ்சம் நடந்தா உட்காரணும், கொஞ்சம் நடந்தா உட்காரணும்னார். அந்தப் பாதையில எங்கே உட்காருவே? வாய்க்காலுக்குள்ளயா?"

"இலைமேல உட்காருவேன். மெத்தை மாதிரிதானே கிடக்கு."

"உட்காருவே. எழுப்புறது யாரு? என் முதுகை நம்பாதே, அது உன் நெஞ்சைவிட மோசம்."

"அப்ப நீ வீட்டுல உட்காரு. நான் போயிட்டு வரேன்."

"வேணாம்னா வேணாம், கிழவி. அடுத்த வருஷமும் மரம் மஞ்சளாத்தான் ஆகும்."

"மரம் ஆகும்," என்றாள் டெல்ஃபினா.

எவரிஸ்தோ சூப்பை மிச்சம் வைத்தான். அவன் மிச்சம் வைக்கிற ஆள் இல்லை.

அந்த ஊரில் மதியச் சாப்பாடு முடிந்தால் உலகமே படுத்துவிடும். நாய்கூடக் குரைக்க யோசிக்கும். அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால், செத்தது யார் என்று கேட்டுக்கொண்டுதான் திறப்பார்கள். தூங்குகிறவரின் அறைக்கதவை எவரும் திறப்பதில்லை, கட்டின பெண்டாட்டியே ஆனாலும். நெஞ்சில் தையல் போட்டதிலிருந்து டெல்ஃபினா முன்னறையில் படுத்தாள், எவரிஸ்தோ பின்னறையில்.

காலையிலேயே பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்னறைக் கதவருகே நின்று காது கொடுத்தாள். வழக்கமாக உள்ளேயிருந்து டிராக்டர் மேட்டில் ஏறுவது போலக் குறட்டை வரும். இன்று ஒன்றும் இல்லை. கோபத்தோடு தூங்குகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக வெளியே வந்து, சுவரைப் பிடித்தபடி வீட்டைச் சுற்றிப் பாதைக்கு வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் பாப்லர்கள் உச்சிவரை மஞ்சளாக நின்றன. காற்றே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக ஆடியது. ஓர வாய்க்காலில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை, இலைகள்தான் ஓடின. எங்கோ கொட்டி வைத்த திராட்சைச் சக்கையின் புளிப்பு வாசனை. செருப்பை வேண்டுமென்றே இழுத்து இழுத்து நடந்தாள், சருகுச் சத்தம் கேட்பதற்காக. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அப்படி நடந்து அடி வாங்கியிருக்கிறாள். இன்று அடிக்க ஆள் இல்லை.

கொஞ்ச தூரத்தில் மூச்சு முட்டியது. எதைப் பிடிப்பது என்று பார்த்தபோது, மரத்தடியில் ஒரு பிரம்பு நாற்காலி. அவளுடைய சமையலறை நாற்காலிதான், ஒரு கால் கட்டை. அந்தக் காலுக்கடியில் யாரோ மரச்சில்லு செருகியிருந்தார்கள். தண்ணீர் பாய்ச்ச வந்தபோது இவன் கொண்டுவந்து போட்டிருப்பான், எடுக்க மறந்த சோம்பேறி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள்.

மூச்சு திரும்பியதும் எழுந்து நடந்தாள். மறுபடி முட்டுகிற இடத்தில் இன்னொரு நாற்காலி. இது ரெமிஹியோவின் சாய்வு நாற்காலி, எதிர்வீட்டு முன்தாழ்வாரத்தில் கிடப்பது. டெல்ஃபினா அதில் உட்காராமல் பாதையின் கடைசியை நோக்கினாள். தூரத்தில் ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு போனான். தலைமேல் நாற்காலி கவிழ்ந்திருந்ததால் நாலு கொம்பு முளைத்தது போல இருந்தது.

"ஏய் கிழவா!"

எவரிஸ்தோ துள்ளித் திரும்பினான். தலையில் இருந்த நாற்காலி மெத்தையோடு வாய்க்காலில் விழுந்தது.

"நீ தூங்கலையா?" என்று கத்தினான்.

"நீ தூங்கலையா?"

"நான் தூங்கறேனா இல்லையான்னு கதவைத் திறந்து பார்த்தியா?"

"நீ பார்த்தியா?"

இரண்டு பேரும் பார்க்கவில்லை. எவரிஸ்தோ நாற்காலியைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

"அது யாரோடது?"

"பக்கத்து வீட்டு அய்தேயோடது."

"கேட்டு எடுத்தியா?"

"இந்த நேரத்துல எப்படிக் கேக்கறது? கதவைத் தட்டினா சட்டியாலயே அடிப்பா. அவங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள திருப்பி வெச்சுடலாம்னு..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எல்லாத்தையும் போட்டு முடிச்சிட்டு உன்னை எழுப்பலாம்னு இருந்தேன். கெடுத்துட்டே. எப்பவும் அவசரம்."

டெல்ஃபினாவுக்கு வாயைத் திறந்தால் அழுகை முந்திக்கொள்ளும் போலிருந்தது. அதனால், "இதைக் கொஞ்சம் நிழல் பார்த்துப் போட்டிருக்கக்கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ரெமிஹியோவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதற்குள் பின்னால் ஆள் சத்தம். காற்று வருகிறதே, தாழ்வாரத்து நாற்காலியை உள்ளே எடுத்து வைப்போம் என்று அய்தே பாதித் தூக்கத்தில் எழுந்து வந்திருக்கிறாள். நாற்காலி இல்லை. சருகில் செருப்புத் தடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"எவரிஸ்தோ! என் வீட்டுக்காரர் போனதுல இருந்து என் வாசல்ல ஆம்பளைத் தடம் விழுந்ததில்ல. இன்னிக்கு விழுந்துச்சேன்னு தலை சீவிக்கிட்டு வந்தா, நாற்காலிக்காகவா வந்தே?" பிறகு சொட்டச் சொட்ட நின்ற மெத்தையைப் பார்த்தாள். "அடப்பாவி!"

பின்னாலேயே ரெமிஹியோ, கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே என்ற கசப்பு இலைக் கஷாயம் குடிக்கும் குடுக்கை. "என் நாற்காலி போன இடத்துல ஆளுங்க இருப்பாங்கன்னு தெரியும். சும்மா வர முடியுமா?" என்றார்.

"ரெமிஹியோ ஐயா, மன்னிச்சுடுங்க," என்று எவரிஸ்தோ இழுத்தான்.

"மன்னிப்பு அப்புறம். மேகத்தைப் பாரு. நடக்க வைய்யா அவளை!"

அப்படியே கிளம்பினார்கள். டெல்ஃபினா எழுந்தவுடன் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருவர் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார். அவள் அடுத்ததைச் சேர்வதற்குள் அதற்கும் அப்பால் இது போய்விடும். "மெதுவாடி, இலை எங்கேயும் ஓடாது," என்பாள் அய்தே. "ஓடத்தானே போகுது!" என்பார் ரெமிஹியோ. உட்கார்ந்த இடத்தில் எல்லாம் மாத்தே கைமாறியது. டெல்ஃபினாவுக்கு நாக்கு நுனி வரை நன்றி வந்து நின்றது. ஆனால் குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி என்று சொல்லிவிட்டால் எனக்குப் போதும் என்று அர்த்தம், அடுத்த சுற்றில் விட்டுவிடுவார்கள். அவளுக்குப் போதவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுற்றும் குடித்தாள்.

கடைசி மரத்துக்கு இன்னும் இரண்டு உட்காரல் மிச்சம் இருக்கும்போது எங்கும் சத்தம் அடங்கியது. காது அடைத்தது. இலைகள்கூட ஆட்டத்தை நிறுத்தின.

"திரும்பிடலாம், கிழவி," என்றான் எவரிஸ்தோ மெல்ல. "இவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

அவள் பிடித்துக்கொள்ளத் தோளைக் கேட்டாள். அவன் கொடுத்தான். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். அடுத்ததில் உட்கார்ந்தாள், எழுந்தாள். பிறகு கடைசி மரத்தின் சொரசொரப்பான பட்டையில் உள்ளங்கையை வைத்தாள். மதகுத் திண்டில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து நாலு பேருக்கும் பிய்த்துக் கொடுத்தாள். இனிப்பும் உப்புமாக முதல் துண்டு வாயில் கரையும்போது சொண்டா இறங்கியது.

அடுப்பைத் திறந்தது போல முகத்தில் சூடு. பாதையின் அந்தக் கோடியிலிருந்து மரங்கள் ஒவ்வொன்றாக வளைந்தன. இத்தனை நாளும் ஒன்றிரண்டாக உதிர்ந்துகொண்டிருந்தது மொத்தமாகக் கிளம்பி அவர்கள் மேல் வந்தது. தலையில், மடியில், மாத்தே குடுக்கைக்குள், அய்தேயின் திறந்த வாயில் எல்லாம் இலை. ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. அந்த மஞ்சளுக்குள் யாரோ சிரிப்பது கேட்டது. தான்தான் சிரிக்கிறோம் என்று டெல்ஃபினாவுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

குடுக்கையை ரெமிஹியோவிடம் நீட்டி, "நன்றி," என்றாள்.

"அப்பாடா, சொல்லிட்டா," என்றாள் அய்தே, இலையைத் துப்பிக்கொண்டு. "இனிமே வீட்டுக்குப் போகலாம்."

திரும்பும்போது அவளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, திருவிழாவில் மாதாவைத் தூக்குவது போல மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எவரிஸ்தோவின் முதுகு வழி நெடுக முனகியது.

"நடக்கணும்னு அவ்வளவு அடம் பிடிச்சியே!"

"போறதுக்குத்தான் வேண்டிக்கிட்டேன். வரதுக்கு வேண்டிக்கலையே," என்றாள் மேலேயிருந்து.

மறுநாள் காலையில் குளிர் திரும்பியிருந்தது. பாப்லர்கள் குச்சியாக நின்றன, அவற்றின் இடைவெளியில் மலைமேல் புதுப் பனி தெரிந்தது. விட்டுவிட்டு வந்த நாற்காலிகளை அவரவர் இலைக்குவியலிலிருந்து தோண்டி எடுத்து, கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டெல்ஃபினாவின் சமையலறைக்கு வந்தது அய்தேயின் நாற்காலி. கால் கட்டையான பிரம்பு நாற்காலி அய்தே வீட்டுத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க யாரும் மாற்றிக்கொள்ளப் போகவில்லை. மெத்தை மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் நாள் கணக்கில் காய்ந்தது. அதன் தையலுக்குள் புகுந்திருந்த மஞ்சள் இலை ஒன்றை டெல்ஃபினா எடுக்காமலே விட்டுவிட்டாள்.