பத்து நாற்பத்திரண்டில் நின்ற பலகைகள்

எட்டு வருடம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்ததால் அவளுக்கு 'ரிட்டர்ன் அக்கா' என்று பெயர் விழுந்திருந்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

அன்று காலை புது நிரலை ஏற்றியதும், நகரத்துப் பேருந்து நிறுத்தங்களில் நேரம் காட்டும் மின்பலகைகள் அத்தனையும் பத்து நாற்பத்திரண்டிலேயே நின்றுவிட்டன. போன் மேல் போன். டீம் லீடர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

"கடிகாரம்தான் கெட்டிருக்கு. எல்லா போர்டையும் அணைச்சுப் போடுங்க."

போட்டார்கள். மறுபடியும் பத்து நாற்பத்திரண்டு.

அவளுக்குப் பொறி தட்டியது. "சார், புது புரோகிராமை எத்தனை மணிக்கு உருவாக்கினோம்?"

பார்த்தார்கள். பத்து நாற்பத்திரண்டு.

ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி நிரல் எழுதித் தரும் தாய் நிரலை டீம் லீடர்தான் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தார். அதில் இருப்பதெல்லாம் மேற்கோளுக்குள் வைத்த பேச்சு மாதிரி, வார்த்தை மாறாமல் பலகைக்குப் போய்விடும். முன்னால் காற்புள்ளி வைத்ததை மட்டும் தாய் நிரலே அப்போதே கணக்கிட்டு, விடையை நிரப்பி அனுப்பும். நிறுத்தத்தின் பெயர் அப்படித்தான் போகிறது.

அவள் விரல் வரி வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"இங்க பாருங்க சார். 'மணி என்ன'ங்கறதுக்கு முன்னாடியும் ஒரு கமா. போர்டு கேக்க வேண்டிய கேள்விய நாமளே கேட்டு, பதிலையும் எழுதி அனுப்பிட்டோம். பாவம், அது என்ன பண்ணும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீம் லீடரின் முகம் சிவந்தது. அவர் கையால் வைத்த காற்புள்ளி அது. ஆனாலும் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"நீங்களே எடுத்துடுங்க."

எடுத்தாள். நிரலை மறுபடி உருவாக்கி அனுப்பினாள். சுவரில் மாட்டியிருந்த சோதனைப் பலகை ஒருமுறை இருண்டு விழித்தது. பன்னிரண்டு ஐந்து. ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆறு! அறையே கைதட்டியது.

டீம் லீடர் மேலதிகாரியை போனில் கூப்பிட்டார். "சரியாயிடுச்சு சார். தப்பு என்னோடது. கண்டுபிடிச்சது நம்ம அக்கா. இனிமே அனுப்பறதுக்கு முன்னாடி அவங்க ஒரு தடவை பாக்கட்டும்."

மாலையில் வழக்கமான நிறுத்தத்தில் நிற்காமல், பலகையைப் பார்க்கவென்றே அடுத்த நிறுத்தம் வரை நடந்தாள். அங்கேயும் பலகை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண், "காலையில இது ஒரே பாட்டைப் பாடிட்டு இருந்துச்சுங்க. யாரோ சரி பண்ணிட்டாங்க போல" என்றாள்.

"நான்தாங்க" என்றாள் அவள். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டுமே என்று விட்டுவிட்டாள்.