கல்லில் சாய்ந்த சக்கரம்

1998 நவம்பர் 16, திங்கட்கிழமை, கேத்தி. இரவெல்லாம் பெய்த மழை காலை ஏழு மணிக்கு நின்றது. ஏழே முக்காலுக்கு ஜெஸிந்தா காரில் ஏறி உட்கார்ந்தாள். எட்டரைக்கும் கார் அதே இடத்தில்தான் நின்றது. சாவி உள்ளே போயிற்று, ஆனால் திரும்பவில்லை.

அவள் மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் அரசு ஆசிரியை வேலைக்கான ஆணை இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஆணை. ஆணைத் தேதியிலிருந்து பதினைந்து நாளுக்குள் தெப்பக்காட்டுப் பள்ளியில் சேர வேண்டும், தவறினால் ரத்து. அது பழைய எஸ்டேட் விலாசத்துக்குப் போய், அங்கே கிடந்து, சனிக்கிழமைதான் இவள் கைக்கு வந்தது. இன்று கடைசி நாள். "பன்னண்டு மணிக்குள்ள வந்துருங்கம்மா. அப்புறம் நான் கூடலூர் மீட்டிங்குக்குக் கெளம்பிருவேன்" என்று தலைமையாசிரியர் போனில் சொல்லியிருந்தார். ஊட்டியிலிருந்து அந்தப் பக்கம் போகும் காலை பஸ் எட்டு மணிக்கே போய்விட்டது. அடுத்த பஸ் பதினொன்றுக்கு. சொந்தக் கார் இருக்கிறதே என்று பஸ்ஸை வீட்டில் யாரும் நினைக்கவே இல்லை.

அவள் கணவன் சில்வஸ்டர் எஸ்டேட் ஜீப்பை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன். இந்தப் பழைய மாருதியை வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. சாவியில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தான். பீரோவிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து வந்து போட்டுப் பார்த்தான். கடைசியில் குறடு எடுத்துச் சாவியைத் திருகினான். சாவியின் கழுத்து லேசாக வளைவதை ஜெஸிந்தா பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, ஒடிஞ்சு உள்ளயே நின்னுச்சுன்னா?"

"பின்ன என்ன பண்றது? மெக்கானிக்கு குன்னூர்ல இருந்து வர்றதுக்குப் பதினோரு மணி ஆகுமாம்."

எதிரே கேரட் கழுவும் தொட்டியில் நின்றிருந்த மூக்கம்மா கையை உதறிக்கொண்டே குரல் கொடுத்தாள். "என்னுங்ண்ணா, ஜீப்பு ஓட்டுன கைக்கு அந்த டப்பா அடங்க மாட்டேங்குதாட்ட இருக்குது!"

தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சில்வஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டிக்கு அப்பால், சமதளத்தில், மேட்டுப்பாளையம் கேரட் லாரி நின்றது. தினமும் அவன் கார் நிற்கும் இடம் அது. நேற்று மாலை லாரி முந்திக்கொண்டதால் டிரைவர் லிங்கசாமியோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, காரைச் சரிவில் நிறுத்தியிருந்தான்.

ஜெஸிந்தா உறையை இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

"எங்க போற?"

"லாரிக்காரர்கிட்ட. வண்டி தெரிஞ்சவரு இப்ப இங்க அவரு ஒருத்தருதானே."

"அவன்கிட்டயா? வேண்டாம், சொல்லிட்டேன்."

"நீங்க பேச வேண்டாமுங்க. நான் பேசிக்கிறேன்."

லிங்கசாமி மூட்டைகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"நேத்து உங்க ஊட்டுக்காரரு என்னய என்னென்ன பேசுனாருன்னு தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. சன்னல் தொறந்துதான் இருந்துச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுக் குதித்து இறங்கினான்.

காருக்கு வந்தவன் சாவியைத் தொடவில்லை. முன்பக்கம் போய்க் குனிந்தான். மூக்கு கீழ்நோக்கி நின்ற காரின் இடது முன்சக்கரம் ஓரக்கல்லில் அழுந்திப் பிதுங்கியிருந்தது.

"ஹேண்ட்பிரேக் போடலீங்களா?"

"மழையில நைட்டு போட்டா காலைல கேபிள் புடிச்சுக்கும். கியர்ல போட்டு, சக்கரத்தை ஒடிச்சுக் கல்லுல சாத்திருவோம். மலையில எல்லாரும் அப்படித்தான்" என்றான் சில்வஸ்டர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"ஜீப்புக்குச் சரீங்க. அதுல ஸ்டியரிங் பூட்டு இல்ல. இதுல சாவிய உருவுனா ஸ்டியரிங் பூட்டிக்கும். ராத்திரி பூரா வண்டி கீழ எறங்கப் பாத்திருக்குது. சக்கரம் கல்ல முட்டி, அந்தப் பாரம் அத்தனையும் பூட்டு மேல ஏறிருச்சு. அப்புறம் சாவி எங்க திரும்பும்? சாவி மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

லோடு ஏற்றும் ஒச்சப்பனையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டான். மூக்கம்மாவும் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சில்வஸ்டர் அவர்களோடு முன்பம்பரில் கை வைத்தான். லிங்கசாமி உள்ளே உட்கார்ந்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான்.

"மேட்டுப் பக்கமா ஒரு சாண் தள்ளுங்க. விட்றாதீங்க, என் காலுக்கு இங்க பிரேக் இருக்குது, உங்க காலுக்கு இல்ல."

"பேசாம திருப்புங்க சாமி, மூச்சு வாங்குது!" என்றாள் மூக்கம்மா.

சக்கரம் கல்லைவிட்டு விலகியது. லிங்கசாமி பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் அசைத்தபடி, சாவியை இரண்டே விரலால் திருப்பினான். அது வெண்ணெயில் போவதுபோல் திரும்பியது. எஞ்சின் முதல் தடவையே பிடித்தது.

ஜெஸிந்தா எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினாள். காலையில் அந்த லாரியைப் பார்த்து, இது இங்கே வராமலே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தது நினைவுக்கு வந்தது. வராமலிருந்தால் கார் சமதளத்தில் நின்றிருக்கும், உண்மைதான். ஆனாலும் இந்த ஐந்து பேரும், சிலர் அவள் பெயர்கூடத் தெரியாமல், சேற்றில் கால் ஊன்றித் தள்ளியது வேறு கணக்கு என்று அவளுக்குப் பட்டது.

சில்வஸ்டர் லிங்கசாமியின் முன்னால் நின்றான். "நேத்து கொஞ்சம் வாய் நீண்டுருச்சு. ஒரு டீயாவது குடிச்சுட்டுப் போங்க."

"மண்டிக்கு நேரமாச்சுங்க. டீயெல்லாம் வேண்டாம். டீச்சரு சேந்தாச்சான்னு மட்டும் சொல்லியுடுங்க." மண்டியின் போன் நம்பரை ஒரு பீடிக்கட்டின் உறையில் எழுதிக் கொடுத்தான். "கல்லட்டி எறக்கத்துல செகண்ட் கியர்லயே போங்க. அங்கயும் ஜீப்புன்னு நெனச்சுக்காதீங்க."

ஒன்பது பத்துக்குக் கார் கிளம்பியது. தொட்டியருகே மூக்கம்மா ஒரு கேரட்டை உயர்த்தி ஆட்டினாள். கல்லட்டியில் அவன் செகண்ட் கியரிலேயே இறங்கினான்.

பதினொன்று இருபத்தைந்துக்கு ஜெஸிந்தா தெப்பக்காட்டுப் பள்ளிப் பதிவேட்டில் கையெழுத்திட்டாள். மாலையில் சில்வஸ்டர் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போன் போட்டு, லிங்கசாமியிடம் டீச்சர் சேர்ந்துவிட்டார் என்று சொல்லச் சொன்னான். அன்றிரவு கார் சமதளத்தில், சக்கரம் நேராக நின்றது.